கண்ணாடி இழைக்குத் தாவர நார் ஈடாகுமா?

மருதன்:
பிளாஸ்டிக் தகடுகளுக்கு வலுவூட்டும் கண்ணாடி இழையின் இழுவலிமை (இழுக்கும்போது அறுபடாமல் தாங்கும் அளவு) 2000 மெகாபாஸ்கலுக்கு மேல், ஆளிவிதைச் செடியின் தண்டு நாருக்கோ ஏறத்தாழ 500 முதல் 1500 வரைதான் என்று சொல்லித் தாவர நாரை ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. கண்ணாடியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், ஆளி நாருக்கோ சுமார் 1.5 கிராம்தான். பிசினில், அதாவது நார்களைப் பிணைக்கும் பிளாஸ்டிக்கில், பதித்து ஒரே எடையில் வார்த்தால் நார்த் தகடு கூடுதல் தடிமனாக அமையும். தகடு வளையாமல் நிற்கும் திறன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், கார்க் கதவின் உட்பலகையைப் போல உடைவதைவிட வளைவதே கவலையாக உள்ள பாகங்களில் தாவர நாரே முந்துகிறது. போர்ஷே நிறுவனம் 2019இல் அறிமுகப்படுத்திய 718 கேமன் ஜிடி4 கிளப்ஸ்போர்ட் பந்தயக் காரின் கதவுகளும் பின்சிறகும் இத்தகைய நார்களால் வலுவூட்டப்பட்டவை.

இழைப்பொறியாளர்:
ஐயா, வளையாமல் நிற்கும் விறைப்பைப் பற்றிய கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 500க்கும் 1500க்கும் இடையிலுள்ள மும்மடங்கு வேறுபாட்டை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். வடிவமைப்பவருக்கு அதுவே முதல் சிக்கல். மண்ணும் மழையும் ஒருபுறமிருக்க, தண்டை நசுக்கி நாரைப் பிரிக்கும்போதே இழையில் குறுக்கு மடிப்புகள் விழுகின்றன. முறிவு பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. நாம் சராசரி வலிமையை நம்பி வடிவமைப்பதில்லை, கீழ்மட்ட மதிப்பை நம்பியே வடிவமைக்கிறோம். வெப்பமும் ஒரு தடை: 200 பாகை செல்சியஸுக்கு மேல் நார் சிதையத் தொடங்குவதால், பிசினாக 165 பாகை அளவில் உருகும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக் பொருந்துகிறது, சுமார் 260 பாகையில் உருகும் நைலான் 66 பொருந்துவதில்லை.

தென்னந்தோப்பு:
பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டைக்குக் குறைவில்லை. தென்னை நாரைக் கொண்டு இதைச் செய்ய முடியாதா?

மருதன்:
வலிமைக்காக என்றால் முடியாது என்றே சொல்வேன். ஆளி நாரில் அதற்கு வலிமை தரும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் அச்சிலிருந்து சுமார் 10 பாகை மட்டுமே சாய்ந்து கிடக்கின்றன. தென்னை நாரில் அவை 30 முதல் 49 பாகை வரை சாய்ந்து சுருள்வதோடு, மரத்தன்மை தரும் லிக்னினும் 40 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆகவே அதன் இழுவலிமை 200 மெகாபாஸ்கலை ஒட்டியே நிற்கிறது. ஆயினும் அறுபடுமுன் 15 விழுக்காட்டுக்கு மேல் நீள்வதால், அதிர்வைத் தாங்கும் திண்டுகளுக்கு அது மிகவும் ஏற்றது.

இழைப்பொறியாளர்:
அந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. "இயற்கை நார்" என்று எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டுவதே இத்துறையின் பெருங்குறை. எனினும் ஈரத்தைப் பற்றி நீங்கள் இன்னும் பேசவில்லை. செல்லுலோஸின் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரை ஈர்ப்பதால் நார் ஊதுகிறது, உலரும்போது சுருங்கிப் பிசினை விட்டு விலகுகிறது.

மருதன்:
எரிசோடாக் கரைசலில் நாரை ஊறவைத்தால் மேற்பரப்பிலுள்ள மெழுகும் பெக்டினும் நீங்கிப் பிசின் நன்றாகப் பற்றுகிறது. மலேயிக் அன்ஹைட்ரைடு என்னும் வேதிப்பொருள் ஒட்டிய பாலிபுரொப்பிலீன் வகையைப் பிசினில் சிறிதளவு சேர்த்தால் பிணைப்பு மேலும் இறுகும்.

இழைப்பொறியாளர்:
அவை ஈரம் புகுவதைக் குறைக்கின்றன, நிறுத்துவதில்லை. திருகாணிக்குத் துளையிட்ட இடத்திலும் வெட்டிய விளிம்பிலும் நாரின் முனை வெளியே தெரிகிறது. நீர் அம்முனை வழியாக நாரின் நீளவாக்கில் ஏறுகிறது. கதவின் உட்பலகையை உங்களுக்கு விட்டுத்தருகிறேன், ஆனால் எந்நேரமும் நீரில் கிடக்கும் படகின் அடிப்பகுதிக்குக் கண்ணாடி இழையைத்தான் பரிந்துரைப்பேன்.