ஏஎல் முடிஞ்சு கம்பஸ் லிஸ்ட்டைக் குறைச்ச கதை, உங்கட அனுபவத்தையும் போடுங்கோ

தம்பி ஏஎல்ல (உயர்தரத்தில) மெத்ஸ் செய்தவன், ரிசல்ட் பரவாயில்ல ஆனா கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிக்குக் காணாது. அரசாங்கக் கம்பஸ் இடங்களில 40 வீதம் அகில இலங்கை மெரிட், 55 வீதம் மாவட்டக் கணக்கு, மிச்ச 5 பின்தங்கின மாவட்டங்களுக்கு, அப்ப வெள்ளவத்தையில இருந்து எழுதினவனுக்கு மொறட்டுவ கம்பஸில இன்ஜினியரிங் கையில இல்ல. உடன வீட்டில ஆளுக்கொரு பேர் சொல்ல வெளிக்கிட்டினம், மாமா மாலபேயில இருக்கிற தனியார் கம்பஸ் எண்டார், சித்தி லண்டன் டிகிரி எண்டா, சென்னைக்கு அனுப்பு எண்டும் ஒரு பக்கம்.

அங்கீகாரம் இல்லாததுகளை யூஜீசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) சைட்டைப் பாத்து முதலே வெட்டியாச்சு, அதில பெரிசா கதைக்க ஒண்டுமில்ல. காசுதான் கதை. ஒரு இடத்தில தந்த ஷீட்டில முதல் வருசக் காசு கொட்டை எழுத்தில, கீழ குட்டியா ஒரு நட்சத்திரம் போட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குக் கட்டுறது பவுண்டில, கட்டுற நாள் ரேட்டுக்கு எண்டு கிடக்குது. 2022ல டொலர் 200ல இருந்து 360க்குப் போனதைப் பாத்த ஆக்களுக்கு அந்த நட்சத்திரத்தைக் கண்டாலே வயித்தைக் கலக்கும். அதால எல்லா வருசத்துக்குமான காசு, பவுண்ட் ஏறினா எவ்வளவு, பாடம் ரிப்பீட் பண்ணினா எவ்வளவு எண்டு கேட்டு எழுதித் தரச் சொன்னன். எழுதித் தர யோசிச்ச இடங்களை அப்பிடியே விட்டிட்டன். சென்னையும் போச்சு, ஹொஸ்டல், விசா, பிளேன் எண்டு கூட்டினா ஃபீஸ் குறைவு எண்டதில அர்த்தமில்ல.

கொழும்பு கம்பஸின்ட பிஐடி எண்ட ஐடி டிகிரிதான் ஆகக் குறைஞ்ச செலவு, வெளிவாரி, வீட்டில இருந்தே படிக்கலாம். ஆனா எங்கட ஆள் கழுத்தில கத்தி வச்சாத்தான் புத்தகம் திறப்பான், அவனுக்கு அது சரிவராது எண்டு அம்மாவே சொல்லிட்டா. மிஞ்சின தனியார் கம்பஸுக்கு ஓப்பின் டே இல்லாத ஒரு சாதாரண கிழமை நாளில போய் கன்டீன்ல ரெண்டாம் வருசப் பிள்ளைகளோட கதைச்சம், லெக்சரர் ஒழுங்கா வாறாரோ எண்டு அதுகள்தான் உண்மை சொல்லும். 100 பஸ்ஸில ஏறி கொள்ளுப்பிட்டியில இறங்கி 177 பஸ் பிடிச்சு ராஜகிரிய ட்ராஃபிக்கில காய்ஞ்சு போனதும் நல்லதுதான், தினம் இப்பிடி வர ஏலுமோ எண்டு அவனே யோசிச்சான். இப்ப லிஸ்ட்டில ரெண்டுதான் மிச்சம்.

—

அக்கா, நான் கொட்டாஞ்சேனை. எனக்கு பிஐடிதான் சரியா வந்துச்சு, பகல்ல வேலை, நைட்ல படிப்பு. சம்பளத்துலயே எக்ஸாம் ஃபீஸும் கட்டிட்டேன், வீட்ல ஒரு சதம் கேக்கல. ஆனா கூட படிக்க ஆள் இல்லாட்டி இடையில விட்டுருவீங்க, நாங்க மூணு பேர் சேந்து படிச்சதாலதான் முடிஞ்சது.

—

அரசாங்கத்தின்ட வட்டியில்லாக் கடனையும் பாருங்கோ. எல்லா டிகிரிக்கும் இல்ல, அவையின்ட லிஸ்ட்டில இருக்கிறதுக்கு மட்டும்தான், அதால அட்வான்ஸ் கட்ட முதல் அந்த லிஸ்ட்டைப் பாத்திடுங்கோ.