கமிகட்சு: முன்மாதிரியா, முதியோர் மட்டும் மிஞ்சும் மலையூரா?

குறிஞ்சி:
ஜப்பானின் ஷிகோகு தீவில், தொகுஷிமா மாநில மலைகளுக்குள் இருக்கிறது கமிகட்சு பேரூராட்சி. ஏறத்தாழ 110 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி காடு. மக்கள் சுமார் 1,400 பேர். வீடு வீடாகக் குப்பை வண்டி வராது. மக்களே குப்பையைக் கழுவிக் காயவைத்து, மையத்துக்குக் கொண்டுபோய் 40-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துப் போடுகிறார்கள். சுமார் 80 சதவீதம் மறுசுழற்சிக்குப் போகிறது; ஜப்பானின் சராசரி 20 சதவீதம்தான். எல்லா மலையூர்களும் இங்கே பாடம் படிக்கலாம்.

கணக்கன்:
முதலில் மக்கள்தொகையைப் பாருங்கள். 1955-இல் 6,000 பேருக்கு மேல் இருந்தார்கள். இன்று அதில் கால்வாசிகூட இல்லை, இருப்பவர்களிலும் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள். அப்புறம், 2020-க்குள் எரிக்கவோ புதைக்கவோ குப்பையே இருக்காது என்று 2003-இல் அறிவித்தார்களே, அந்த இலக்கையும் எட்டவில்லை.

குறிஞ்சி:
மக்கள் வெளியேறியதற்குக் குப்பை விதியா காரணம்? வெளிநாட்டு மரம் மலிவாக வந்ததும் மரத்தொழில் படுத்தது. 1981-இல் அடித்த கடும் குளிரில் ஆரஞ்சுத் தோட்டங்கள் பட்டுப்போயின. அப்போது அங்கே வேளாண் கூட்டுறவில் வேலை பார்த்த யோகோயிஷி தோமோஜி, உணவகங்களில் தட்டை அலங்கரிக்கும் இலைகளை விற்கலாம் என்றார். 1986-இல் தொடங்கினார்கள். எழுபது, எண்பது வயதுப் பாட்டிகள் கணினியில் ஆர்டர் பார்த்து, மேப்பிள் இலை பறித்து அடுக்கி அனுப்புகிறார்கள். இலைக்குக் கனமில்லை, வயதானவர்களாலும் தூக்க முடியும். இருக்கிற ஆட்களை வைத்தே ஒரு தொழிலை உண்டாக்கியிருக்கிறார்கள், இதை எப்படித் தோல்வி என்பீர்கள்?

மலைநாடன்:
ஒரு தகவல். முன்பு அந்த ஊரில் குப்பையைத் திறந்தவெளியில்தான் எரித்தார்கள். பிறகு வாங்கிய சிறு எரியூட்டிகளையும், குப்பை எரியும்போது வரும் டையாக்சின் என்ற நச்சுக்கான விதிகள் கடுமையானதும் மூட வேண்டியதாயிற்று. புதிதாகக் கட்டப் பணமில்லை. பிரிப்பதுதான் மலிவான வழியாக இருந்தது.

கணக்கன்:
அதைத்தான் சொல்கிறேன். பேரூராட்சிக்கு மிச்சமான செலவு மக்களின் கூலியில்லா உழைப்பாக மாறிவிட்டது. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் இது நடக்கும். லட்சம் பேர் வாழும் ஊரில்? மீதி 20 சதவீதத்துக்கு என்ன பதில்?

குறிஞ்சி:
வண்டி ஓட்ட முடியாத முதியவர்கள் வீட்டுக்குப் பேரூராட்சியே வந்து எடுத்துக்கொள்கிறது. சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்குகிறார்கள், அந்தக் கருவிக்கு மானியமும் உண்டு. மையத்தில் ஒவ்வொரு பெட்டியிலும் அந்தப் பொருள் எங்கே போகிறது, அதற்கு ஆகும் செலவோ வரும் வருமானமோ எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. மீதி 20 சதவீதத்தில் டயப்பர், பிவிசி, தோல் செருப்பு மாதிரிப் பொருட்கள் இருக்கின்றன. எந்தக் கிழவி உட்கார்ந்து பிரித்தாலும் அவை பிரியாது. அந்தக் கேள்வியைத் தயாரிப்பாளர்களிடம் கேளுங்கள்.

கணக்கன்:
தயாரிப்பாளர்கள் விஷயத்தில் உடன்படுகிறேன். ஆனால் அந்தப் பாட்டிகளுக்கு அப்புறம் இலை பறிக்கப்போவது யார் என்று நீங்கள் இன்னும் சொல்லவில்லை.