மனக்காயம் பட்ட பிள்ளைகள்: சக ஆசிரியர்களை எப்படிப் பழக்குவது?

வணக்கம். மனக்காயம் பட்ட பிள்ளைகளை வகுப்பில் எப்படி அணுகுவது என்று சக ஆசிரியர்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஒருநாள் பயிற்சி கொடுத்தாயிற்று. சிறுவயதுத் துயரங்கள் பற்றி 1998இல் வெளிவந்த ஆய்வு, பயம் அடங்கினால்தான் பாடம் ஏறும் என்பது, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். மறுவாரமே, கதவு அறைந்த சத்தத்தில் மேசைக்கடியில் ஒளிந்த பையனை "நடிக்காதே, எழுந்திரு" என்று ஒருவர் அதட்டினார். அவர் கெட்டவர் இல்லை. 40 பிள்ளைகளோடு களைத்துப்போனவர்.

சரி, வகுப்பில் உட்கார்ந்து கவனித்துவிட்டு அப்புறம் தனியாகப் பேசலாம் என்று பார்த்தால், சோதனைக்கு வந்ததாக நினைத்து இறுகிவிடுகிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: அந்த முதல் பேச்சை எப்படித் தொடங்கினீர்கள்? பேசும்போது ஆசிரியரின் சொந்தக் காயமே கிளறப்பட்டால் என்ன செய்தீர்கள்?