பனி வழிக்கும் வண்டி கண்ணில் படாமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா?

பாரிவாசி
ஒன்டாரியோவில் நெடுஞ்சாலை 400, பாரி (Barrie) நகருக்கு வடக்கே, இரவு. ஜோர்ஜியன் குடாப் பக்கமிருந்து அடிக்கும் பனிப்புயல் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முன்னால் ஒரே வெள்ளை. அது காற்று கிளப்பிய பனியா, பனி வண்டி கிளப்பிய பனியா என்று பிரித்தறிய வழியே இல்லை. என்னை முந்திக்கொண்டு போன பிக்கப் அதற்குள் நுழைந்ததும் அதன் பின்விளக்குகள் காணாமல் போயின. திரும்ப அவை தெரிந்தபோது பிக்கப் குறுக்காகத் திரும்பி வழுக்கிக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், மங்கலாக, பனி வண்டியின் நீல வெளிச்சம். இடிக்கவில்லை. நடுத்தடுப்புப் பக்கம் போய் நின்றுவிட்டது. ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நீல விளக்கு முழு நேரமும் எரிந்துகொண்டுதானே இருந்தது? அது ஏன் எங்கள் இருவருக்கும் அவ்வளவு தாமதமாகத் தெரிந்தது? இன்னும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வின்ட்சர் தம்பி
அண்ணா, நிறம்தான் பிரச்சினை. நான் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவன். மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் பச்சை விளக்கு வைத்த பனி வண்டிகள் ஓடுகின்றன. டொலிடோவுக்கு மேலே ஒரு நாள் விடியற்காலை, ரோடும் வானமும் ஒரே நிறம், அதில் பச்சை மட்டும் தனியாகத் தெரிந்தது. வேறு எதுவும் அந்த நிறத்தில் இல்லை என்பதால் உடனே கால் பிரேக்குக்குப் போனது. இங்கேயும் அதையே போடலாம்.

நெடும்பயணி
ஒன்டாரியோவில் பச்சை விளக்கு தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் தங்கள் சொந்தக் கார்களில் போட்டுக்கொள்வது. அதைப் பனி வண்டிக்கும் கொடுத்தால் குழப்பம் கூடும். நிறத்தை விடுங்கள் தம்பி. எந்த நிறமாக இருந்தாலும் பனிமேகம் மூடினால் மூடியதுதான்.

எனக்கு நடந்தது நெடுஞ்சாலை 11இல். விளக்கு தூரத்திலேயே தெரிந்தது. மின்னி அணையும், மறுபடி மின்னும். ஒவ்வொரு முறை மின்னும்போதும் போன தடவையைவிடப் பெரிதாக இருந்தது. நடுவில் இருட்டு. வண்டி போகிறதா, நிற்கிறதா, எவ்வளவு வேகத்தில் நான் அதை நெருங்குகிறேன் என்று எதுவும் பிடிபடவில்லை. நாம் நூறில் வருகிறோம், அது ஐம்பதைக்கூடத் தொடாது. மின்னும் விளக்கு "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லும், எவ்வளவு கிட்ட என்று சொல்லாது. வண்டியின் பின்புறம் இரண்டு ஓரங்களிலும் அணையாமல் எரியும் நீள விளக்குப் பட்டைகள் இருந்தால், இடைவெளி குறைவது சீக்கிரம் புரியும். அமெரிக்காவில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்காபரோ அக்கா
நெடுஞ்சாலை 401இல் மூன்று பனி வண்டிகள் படிக்கட்டு வரிசையில், ஒன்றுக்குப் பின் ஒன்று பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போக, ஒரு கார் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் புகுந்ததைக் கண்ணால் கண்டேன். நெஞ்சு பதறிப்போச்சு.

எல்லோரும் அந்த வண்டியில் என்ன மாட்டலாம் என்றே எழுதுகிறீர்கள். உங்கள் கார் பின்னால் வருகிறவனுக்குத் தெரிகிறதா? கனடாவில் 1989 முடிவிலிருந்து புதிய கார்களுக்குப் பகலிலும் தானாக எரியும் விளக்கு கட்டாயம், ஆனால் பழைய கார்கள் பலவற்றில் அது முன்னால் மட்டும்தான் எரியும். டாஷ்போர்டு வெளிச்சமாக இருப்பதால் ஓட்டுகிறவருக்கு எல்லாம் எரிவது போல இருக்கும், பின்பக்கம் இருட்டாகக் கிடக்கும். 2021 செப்டம்பருக்குப் பிறகு வந்த கார்களுக்குத்தான் இதைச் சரிசெய்யும் விதி வந்தது. அதனால் கையால் விளக்கைப் போடுங்கள். புறப்படும் முன் கூரைப் பனியையும் தள்ளுங்கள், இல்லையென்றால் பிரேக் போட்டதும் முன்கண்ணாடியில் வந்து விழும். பனியில் ஹைபீம் வேண்டாம், வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும். 511 என்ற ஒன்டாரியோ சாலைத் தகவல் தளத்தில் பனி வண்டிகள் எங்கே போகின்றன என்று வரைபடத்தில் பார்க்கலாம். பார்த்துவிட்டு அரைமணி நேரம் பிந்திக் கிளம்பினால் என்ன குறைந்துவிடும்? வழித்த ரோட்டிலேயே போகலாமே. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

உப்புவண்டி
நான் இந்த வண்டி ஓட்டுகிறவன். பாரிவாசி கேட்டதற்குச் சொல்கிறேன். வண்டி பெட்டி மாதிரி இருப்பதால் ஓடும்போது பின்பக்கம் காற்று சுழன்று பனியை இழுத்துப் பின்கதவிலேயே அப்பும். பிரதிபலிக்கும் பட்டைகளும் விளக்கும் ஒன்றாக மூடிவிடும். பழைய பல்பு சூட்டில் பனி உருகிவிடும். எல்ஈடி பிரகாசம்தான், ஆனால் விளக்குக் கண்ணாடியில் சூடு இல்லை, பனி ஒட்டிக்கொண்டே இருக்கும். ரோட்டில் தூவும் உப்பை ஏற்ற யார்டுக்குப் போகும்போதெல்லாம் துடைக்கிறோம், திரும்பி ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரத்தில் பழையபடி. மேலிருந்து காற்றைக் கீழே திருப்பிவிடும் தகடு உள்ள வண்டியில் இது குறைவு. என்னைக் கேட்டால் புது நிறத்தைவிட அந்தத் தகட்டைத்தான் எல்லா வண்டியிலும் போடச் சொல்வேன்.

அக்கா சொன்ன அந்தக் காரைப் போல எனக்கும் ஒன்று வந்தது, வலது பக்கமாக. அங்கேதான் இறக்கை இருக்கிறது, பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு பனியை வழிக்கும் இரும்பு அலகு. பனிமேகத்தில் அது யாருக்கும் தெரியாது. எனக்கு அந்தக் காரின் கூரை மட்டும் கண்ணாடியில் தெரிந்தது. இறக்கையைத் தூக்க நேரமில்லை, ஹாரன் அடித்தேன். அவர் பின்வாங்கினார். வலது பக்கம் மட்டும் வரவே வராதீர்கள்.