வாட்டர் சாஃப்ட்னரின் உப்புத் தொட்டியில் மட்டம் இறங்கவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். கடினத்தன்மை 700 பிபிஎம். வேறு நீர் கிடைக்காத இடத்திலும் 600 வரைதான் குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 10500 அனுமதிக்கிறது. அதனால் கடின நீரை மென்னீராக்கும் வாட்டர் சாஃப்ட்னர் பொருத்தினோம். முதலில் சோப்பு நன்றாக நுரைத்தது. இப்போது குழாய் வாயில் மறுபடியும் வெள்ளைப் படிவு. அம்மாவுக்குக் கையெல்லாம் வறண்டு வெடிக்கிறது.

கடினத்தன்மையைப் பிடிக்கும் ரெசின் மணிகளை உப்புக் கரைசலால் புதுப்பிக்கும் ரீஜெனரேஷன் ஓடும்போது, அந்தக் கரைசலை இயந்திரம் உறிஞ்சுவதே இல்லை. கரைசலை உள்ளே இழுக்கும் இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று, கழிவுநீர்க் குழாயிலும் மடிப்பில்லை. உறிஞ்சுகுழாய் இணைப்பில் காற்று புகுந்தால் இப்படி ஆகுமா? மேல்நிலைத் தொட்டியின் அழுத்தம் போதவில்லையா?

விற்றவரோ ரெசினை மாற்றச் சொல்கிறார். கரைசலே உள்ளே போகாதபோது புது ரெசினும் சில நாளில் ஓய்ந்துதானே போகும்? இதைச் சரிசெய்த அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.