ரோட்டாஹேலர், பம்பு இரண்டும் எடுத்தும் பாட்டிக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேள்வி (செவிலியர், சிறு கிளினிக்):
வணக்கம். எங்களிடம் வரும் பாட்டிக்கு 64 வயது. பீடி, சிகரெட் தொட்டதில்லை. ஆனால் 30 வருடத்துக்கு மேல் விறகடுப்புப் புகை. சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) என்று உறுதியாகி ஒரு வருடம் ஆகிறது. காலையும் இரவும் ரோட்டாஹேலரில் (கேப்சூலுக்குள் இருக்கும் பவுடரை வாயால் இழுக்கும் கருவி) ஸ்டீராய்டு கலந்த கேப்சூல், மூச்சு முட்டும்போது மட்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பூட்டமால் பம்பு. இந்த மாதத்திலேயே மூன்று தடவை நெபுலைசர் வைக்க வந்துவிட்டார். நாக்கில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. டோஸைக் கூட்டும் முன் அவர் எப்படி இழுக்கிறார் என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நானும் வரும்போதெல்லாம் சொல்லிக்கொடுக்கிறேன். "தெரியும் கண்ணு, தினம் போடுறேன்ல" என்கிறார். பம்பு அடித்தால் தொண்டை கமறி இருமல் வருகிறதாம். வேறு எப்படித்தான் புரியவைப்பது?

பதில் (நுரையீரல் பிரிவு செவிலியர்):
சிஸ்டர், சொல்வதை நிறுத்திவிட்டு அவரைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். வீட்டில் வைத்திருக்கும் கருவிகளையே எடுத்துவரட்டும். முதல் தடவை ஒரு வார்த்தை பேசாமல் பாருங்கள். நடுவில் திருத்தினால் வீட்டில் என்ன நடக்கிறது என்பது தெரியாமலே போய்விடும்.

எனக்குச் சந்தேகம் பம்பின் மேல். ரோட்டாஹேலரில் இருப்பது வெறும் பவுடர். அதைத் தள்ளிவிட உள்ளே எதுவும் கிடையாது, இழுக்கிற வேகம்தான் அதை நுரையீரலுக்குக் கொண்டுபோகிறது. அதனால் தொடக்கத்திலிருந்தே வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். பம்பில் மருந்து தானாகவே சீறிக்கொண்டு வரும். அதையும் வேகமாக இழுத்தால் தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். கமறல் அதனால்தான் என்று நினைக்கிறேன். தினமும் இரண்டு வேளை வேகமாக இழுத்துப் பழகியவர் பம்பையும் அப்படியேதான் இழுப்பார். நான் நோயாளியின் முழங்காலில் விரலால் தட்டி ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுவேன். அந்த எண்ணிக்கை முடியும் வரை மெதுவாக இழுக்கட்டும். அப்புறம் இரண்டு கருவிக்கும் ஒன்றுதான்: வாயை மூடிப் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும், முடியாவிட்டால் முடிந்தவரை.

நாக்கில் இருப்பது, ஸ்டீராய்டு வாயில் தங்குவதால் வரும் பூஞ்சையாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். கேப்சூல் எடுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்புகிறாரா என்று கேளுங்கள். பலர் தண்ணீரைக் குடித்துவிடுகிறார்கள்.

பதில் (மருந்தாளுநர்):
இழுத்து முடித்ததும் ரோட்டாஹேலரைத் திறந்து பாருங்கள். பவுடர் மிச்சம் இருந்தால் இன்னொரு முறை இழுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மிஞ்சுகிறது என்றால் அவருக்கு இழுக்கும் பலம் போதவில்லையோ என்று பார்க்க வேண்டும், டாக்டர் கருவியை மாற்றக்கூடும். கேப்சூலின் நிறமில்லாத முனை கீழே போக வேண்டும். இழுக்கும் முன் மூச்சை வெளியே விடும்போது கருவி வாயில் இருக்கக் கூடாது, ஈரம் பட்டால் பவுடர் கட்டிவிடும். கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை, கடையில் நாங்கள் மாத்திரையோடு சேர்த்து ஒரே கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

பம்பின் எண்ணிக்கையையும் பாருங்கள். 200 முறைக்கான பம்பில் மருந்து தீர்ந்த பிறகும் காற்று வந்துகொண்டிருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதை நம்ப வேண்டாம்.

பதில் (ஆஸ்துமாவோடு 20 வருடம்):
சிஸ்டர், மூச்சு நன்றாக இருக்கும் நாளில் காலை கேப்சூலை விட்டுவிடுகிறாரா என்றும் கேளுங்கள். நான் பல வருடம் அப்படித்தான் செய்தேன். "பழகிவிடும்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பினேன், யாரும் என்னிடம் கேட்கவுமில்லை.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இன்று பேசாமல் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் சொன்னதேதான், பம்பை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார், வாயிலிருந்து வெள்ளைப் புகை வெளியே வந்தது. ரோட்டாஹேலரை நன்றாகத்தான் இழுத்தார், ஆனால் பவுடர் கட்டியாகக் கிடந்தது. விசாரித்தால், மூடியைத் திருகித் திறக்கக் கஷ்டமாக இருக்கிறதென்று கேப்சூல் டப்பாவைத் திறந்தபடியே அடுப்பு மேடையில் வைத்திருக்கிறார், சோறு வடிக்கும் ஆவி முழுக்க அதில்தான். மூன்று முறை பாடம் நடத்தியும் இதை நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. விரல்மூட்டு வலியால் பம்பை அழுத்தவும் முடியவில்லை. இதற்கு என்ன செய்வது?

பதில் (நுரையீரல் பிரிவு செவிலியர்):
இரண்டு கையாலும் பிடித்து ஆள்காட்டி விரல்கள் மேலே, கட்டைவிரல்கள் கீழே வைத்து அழுத்தட்டும். டாக்டரிடம் ஸ்பேசரும் (பம்பின் முனையில் மாட்டும் கூடு) கேளுங்கள். இருந்தால் அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டியதில்லை. பம்பை நன்றாகக் குலுக்கி, ஒரு தடவைக்கு ஒரே பஃப். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் தானாகக் காயவிட வேண்டும். துடைத்தால் உள்சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும். டப்பா மூடியைத் திறக்க வீட்டில் யார் இருக்கிறார்கள்?

கேட்டவர்:
மருமகள் இருக்கிறார். திங்கட்கிழமை இருவரையும் சேர்ந்து வரச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் பேசவே முடியாத அளவு மூச்சு வாங்கினாலோ, உதடு நீலமானாலோ காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லிவிட்டேன். புது டப்பா சமையலறையை விட்டு அலமாரிக்குப் போய்விட்டது.