ரெண்டு நாள் தனிமை, திட்டம் கலைந்தால்?

கேள்வி (ஆதம்பாக்கம்):
வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள். சனி, ஞாயிறு எனக்கே எனக்கு. 5 மணிக்குத் தியானம், 6 மணிக்கு வாசிப்பு என்று நோட்டில் மணிவாரியாக எழுதியிருக்கிறேன். போன தடவை விடியும்போதே தண்ணீர் லாரி வந்துவிட்டது. குடம் குடமாகப் பிடித்து முடிக்க 9 ஆனது. அதோடு மனசு விட்டுப்போய், நாள் முழுக்க போனிலேயே கழிந்தது. எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

பதில்:
அக்கா, மணிக்கணக்கை முதலில் அடித்துவிடுங்கள். நாளுக்கு ஒரே ஒரு காரியம் போதும். எனக்கு அது அடையாறு தியசாபிகல் சொசைட்டி (பிரம்மஞான சபை) தோட்டத்து ஆலமரம். தாய் மரம் 1989 சூறைக்காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்று தோப்பாக நிற்கின்றன. அந்த நிழலில் சும்மா நின்றுவிட்டு வருவேன். சனிக்கிழமையே போங்கள், ஞாயிறு விடுமுறை.

பதில்:
மாவு வெள்ளியே அரைத்துவிடுங்கள், சமையல் கவலை பாதி போகும். போனை அரிசி டப்பாவுக்குள் வையுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கேள்வி கேட்டவர்:
இன்று சனிக்கிழமை, லாரி மறுபடி வந்தது! பிடித்து முடித்து, ஈரப் புடவையோடு வாசல்படியில் உட்கார்ந்து ரெண்டு பக்கம் எழுதினேன். நோட்டில் தண்ணீர்க் கறை. மத்தியானம் அடையாறு கிளம்புகிறேன்.